உச்சி வெயிலில் கறுத்த இலைகள்

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பவானியின் ஸ்டுடியோ இருக்கிறது. முன்னறையில் பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும், பின்னறையில் கல்யாண ஆல்பம் வேலை. அதன் மாடியில் நான் குடியிருக்கிறேன். அவளுக்கு நேர்ந்ததில் கொஞ்சத்தை நானே பார்த்தேன். மற்றதை, அவளுக்குச் சொல்லத் தோன்றியபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

நாற்பதை நெருங்கும் பெண். கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். வீட்டில் ஆண்கள் படகுக்கும் பெண்கள் மீன் கூடைக்கும் போனபோது இவள் மட்டும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிற்பங்களைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைப் படமெடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கூவத்தூரில் இருந்தாள். பிறகு ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். யாராவது காரணம் கேட்டால், "அவுரு நல்லவருதான். எனக்குத்தான் அங்க மூச்சு முட்டிச்சி" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள். பயந்த சுபாவம் கிடையாது. பயப்பட வேண்டிய இடத்தில்கூட லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவள்.

போன வருஷம் ஆடி மாதம், கல்யாண வேலை எதுவும் இல்லாதபோது, தன் பழைய கேமராவை விற்கச் சென்னைக்குப் போனாள். பழுது பார்க்கும் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த இனிமே எவன் வாங்குவான்? வேணும்னா உள்ள கீற கண்ணாடிய எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுத் தரேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல படம் எடுத்துப் பாரு" என்றார்.

அகச்சிவப்பு வெளிச்சம். உயிரோடிருக்கும் இலை அந்த வெளிச்சத்தை வாரி வெளியே வீசிவிடுமாம். அதனால் படத்தில் மரங்களெல்லாம் பனி மூடியதுபோல் வெள்ளையாக வரும். நீலவானமும் தண்ணீரும் கறுத்துவிடும். இதற்குக் காலை வெயிலும் மாலை வெயிலும் உதவாது. மற்ற போட்டோகிராபர்கள் கேமராவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் உச்சி வெயில்தான் வேண்டும்.

அவள் முதலில் எடுத்தது கடற்கரைத் தென்னைகளை. எனக்குக் காட்டினாள். நடுப்பகலில் எடுத்த படம். ஆனால் வானம் கறுப்பு, கடல் தார் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது, தென்னை மட்டைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று. அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

ரோகிணி என்ற பெண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று. முட்டுக்காட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதிக்கு உள் அலங்காரம் செய்பவர். சுவர்களில் மாட்டப் பெரிய பெரிய படங்கள் தேவை என்றார். "கடல் எல்லாரும் மாட்டறாங்க. எனக்குப் பழைய தோட்டம் மாதிரி ஒரு இடம் வேணும். ஆள் போகாத இடம். செடி மண்டிப் போயிருக்கணும்."

அப்படித்தான் பவானி செங்கல்பட்டு வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது அது. எந்தக் காலத்திலோ இங்கே காய்ச்சலில் செத்த சிப்பாய்கள், பிரசவத்தில் செத்த பெண்கள், பேர் வைத்தும் வைக்காமலும் போன குழந்தைகள். இப்போது அங்கே யாரையும் புதைப்பதில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் கல்லறைகளின்மேல் கிளை பரப்பிக் கிடந்தன. வேப்ப மரங்களும் புங்க மரங்களும் மதில்வரை அடைத்து நின்றன. உண்ணிச்செடி இடுப்பளவு. ஒரு கல்லறையின் மேற்கல்லை ஆலம் வேர் தூக்கி நிறுத்தியிருந்தது, உள்ளே இருந்தவர் எழுந்து உட்காரப் பார்த்ததுபோல.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியில் ஜெபா டீச்சர் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. படமெடுக்க அனுமதி கேட்டபோது, "தாராளமா எடும்மா. நாங்க உள்ள போயே பல மாசமாச்சு. வாட்ச்மேன் கலைவாணன் இருக்கார், அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

கலைவாணன் ஐம்பதைத் தாண்டியவர். வாசலை ஒட்டிய அறையில் மனைவி தமிழரசியோடும் ஆடுகளோடும் இருந்தார். முதல் நாளே பவானியை 'தங்கச்சி' என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். அவர் சொன்னது ஒன்றுதான்.

"தங்கச்சி, காலைல வா, சாய்ங்காலம் வா. உச்சி வேளைல மட்டும் உள்ள போவாத. பொம்பள தனியா, நல்லது இல்ல."

"எனக்கு அந்த வெயில்தாண்ணே வேணும்."

"ரா வேளைல கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உச்சிதான் பேஜாரு. நெழலு காலடில ஒளிஞ்சிக்கும் பாரு, அப்பத்தான் அதுங்க நடமாடும்."

பவானி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் ரசிக்கவில்லை என்று பிறகு அவளுக்குத் தோன்றியது.

ஆவணி முழுக்க, வாரத்தில் இரண்டு மூன்று முறை போனாள். கேமராவின் பின்பக்கத் திரை அந்த வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கறுப்புத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள் குனிந்து பார்ப்பாள். துணிக்குள் இருக்கும்போது வெள்ளை மரங்களும் கறுப்பு வானமும்தான் அவளுக்கு உலகம். வெளியே யார் வந்தாலும் தெரியாது. சருகு மிதிபடும் சத்தம் கேட்டால் துணியை விலக்கிப் பார்ப்பாள். ஆடாக இருக்கும். சில சமயம் ஒன்றுமே இருக்காது.

ஒருநாள் கலைவாணன் தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் புகுந்து திரும்பும்; மனித முகம் மெழுகுபோல் வரும் என்று பவானிக்குத் தெரியும். படத்தைக் காட்டினாள். வெளுத்த முகம், நெற்றியில் கிளை கிளையாக நரம்பு, கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம்.

அவர் கையிலிருந்த பீடி அணைந்துவிட்டது. "இத்த அழிச்சிடு தங்கச்சி."

"கேமராதாண்ணே அப்படிக் காட்டுது. யாரை எடுத்தாலும் இப்படித்தான்."

"அழிச்சிடுன்னு சொல்றேன்ல."

அவர் பார்க்கவே அழித்தாள். அதற்குப் பிறகு அவர் டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

புரட்டாசி பிறந்த சமயம் ஒரு படத்தில் குறை தெரிந்தது. தோட்டத்தின் பின்மூலை, மதிலை ஒட்டிய இடம். சுற்றி எல்லாம் வெள்ளை. அங்கே மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குக் கறுப்பாக, அழுக்கு ஒட்டினதுபோல. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் கறுப்பு. துப்பட்டாவை விலக்கிக் கண்ணால் பார்த்தாள். அங்கே பச்சைதான் இருந்தது. மற்ற புதர்களைப் போலவே பச்சை.

கேமராவில்தான் கோளாறு என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் அடுத்த முறை போனபோது கறுப்பு இடம் மாறியிருந்தது. இரண்டு மேடைக் கல்லறைகளுக்கு நடுவே, முன்னைவிடப் பெரிதாக. பழைய இடத்தில் இப்போது கண்ணுக்கே தெரியும்படி இலைகள் பழுப்பேறிக் கிடந்தன.

அன்று மாலை அவள் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். கையில் ஒரு புங்கங்கிளை. அதை என் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். "இத்த யாரும் எடுக்காதீங்க. தெனம் மத்தியானம் ஒரு படம் எடுக்கணும்" என்றாள். தினமும் எடுத்தாள். வெட்டின கிளை என் கண்ணுக்குப் பச்சையாகவே இருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். அவள் திரையில் காட்டியபோது செம்பருத்தி வெள்ளையாக ஜொலித்தது. கிளை மங்கி, சாம்பலாகி, கறுத்துக்கொண்டே போனது.

"செடி இல்லீங்க அது. யாரோ வெட்டிக் கொண்டாந்து போட்டது. எதையோ மூடி வெச்சிருக்காங்க" என்றாள்.

போக வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

மறுநாளும் உச்சி வெயில். காற்றே இல்லை. கலைவாணன் வாசலில் இல்லை. தமிழரசி ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். பவானி பின்மூலைக்குப் போனாள். முன்பெல்லாம் அங்கே காக்கை சத்தம் இருக்கும். அன்று அதுவும் இல்லை. ஆடுகள் மேய்ந்த தடம் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. அதற்குமேல் புல் நீளமாக, யாரும் வாய் வைக்காமல் நின்றது.

துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒரு படம் எடுத்தாள். கல்லறைகளுக்கு நடுவே கறுப்பு. அவளுக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது: பக்கத்திலிருந்த வேப்ப மரத்தின் ஒரு பாதி மங்கலாக இருந்தது. வேரோடு நிற்கும் மரம். வெட்டின கிளை இல்லை.

கேமராவைக் கல்லறைமேல் வைத்துவிட்டுக் கிளைகளை இழுத்தாள். நெடி முகத்தில் அடித்தது. பெயிண்ட் நெடிபோல, ஆனால் அதற்கடியில் இனிப்பாக ஏதோ ஒன்று, பழம் அழுகினதுபோல. புது மண். மண்ணுக்குள் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் மூடி பிளந்திருந்தது. பக்கத்தில் செத்துக் கிடந்த கீரிப்பிள்ளையை ஈகூட மொய்க்கவில்லை.

பின்னால் நிற்பது யார் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அத்த மூடு தங்கச்சி" என்றார் கலைவாணன். கையில் கிளை வெட்டும் கத்தி. சத்தம் போடவில்லை; கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

"இன்னாண்ணே இது?"

"எதுக்குக் கேக்கற? உனக்கு வேண்டிய படத்த எடுத்துகினு போ. உச்சி வேளைல வராதன்னு எத்தினி தபா சொன்னேன்! ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வேளைலதான் நான் இத்த மூட வரது."

"பேயிக்காகச் சொல்லல நீங்க. இதுக்காகத்தான் சொன்னீங்க."

அவர் கத்தியைத் தரையில் போட்டுவிட்டு ஒரு குழந்தையின் கல்லறைமேல் உட்கார்ந்தார். அவருடைய உள்ளங்கைகளில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. "கம்பெனிக் கழிவுன்னானுங்க. ஏதோ சாயத் தண்ணி, ஒண்ணும் பண்ணாதுன்னானுங்க. ஒரு லோடுதான்னானுங்க. அப்புறம் நிறுத்தவே மாட்றானுங்க."

"யாரு?"

அவர் கீழே கிடந்த கத்தியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"டீச்சராண்ட சொல்லிடலாம்ண்ணே. நானும் கூட வரேன்."

"வேணாம்." அவர் எழுந்துவிட்டார். "லாரி ஓட்றது என் பொண்ணு வூட்டுக்காரன். பிரவின்குமாரு. அவனுக்கும் தெரியாது, உள்ள இன்னா கீதுன்னு. மாட்டினா மொதல்ல அவன்தான் மாட்டுவான். மொதலாளி மாட்ட மாட்டான். ஒரு வாரம் குடு தங்கச்சி. நானே பேசி எல்லாத்தியும் தூக்கிட வெக்கிறேன். சத்தியமா."

அவருடைய உரிந்த கையைப் பார்த்துக்கொண்டே பவானி சரி என்றாள். பிறகு பல நாள் அந்த ஒரு சொல்லைத்தான் அவள் திரும்பத் திரும்ப என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரின்னேன். நான் சரின்னேன்."

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, ஸ்டுடியோவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே நின்றிருந்தேன். ஒருவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, மரியாதையான பேச்சு. இன்னொருவன் இளைஞன், வாசல்படிக்கு வெளியிலேயே தலையைக் குனிந்து நின்றான். வெள்ளைச் சட்டைக்காரர் பாஸ்போர்ட் படம் வேண்டும் என்று உட்கார்ந்தார். பவானி விளக்கைப் போட்டுப் படமெடுத்தாள். அவர் கேமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லறைல எல்லாம் படம் எடுக்கறீங்களாமே மேடம்?"

"ஒரு ஓட்டலுக்காக."

"நல்லா வருமா?"

"வெயில் இருந்தா வரும்."

"அங்க பாம்பு ஜாஸ்தி மேடம். பழைய கல்லறை வேற, எது எப்ப உள்வாங்கும்னு சொல்ல முடியாது. போன மாசம் ஒரு ஆடு உள்ள போயிடுச்சாம்." அவர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "தனியா இருக்கீங்க. உங்க அண்ணன் படகுகூட குப்பத்துல கடைசில கட்டியிருக்கும், இல்ல? நீலக் கலர். பாத்து இருங்க."

படத்தை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். அந்த இளைஞன் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல இருந்தது முகம். வாசலில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் ஒன்று அவனுடையது என்பது பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளே எடுத்த படம். கலைவாணனின் மகளும் அவனும். அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள்; பெண்ணின் அப்பாவாக நின்றது கலைவாணன், எத்தனையோ கல்யாணங்களில் ஒரு முகமாக அவள் மறந்துபோனவர்.

அன்றிரவே தன் அண்ணனைக் கூப்பிட்டுப் படகை வேறிடத்தில் கட்டச் சொன்னாள். என்னிடம், "ஒரு வாரம்லாம் வேணாம். நாளைக்கே டீச்சரப் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. பருவத்துக்கு முந்திய மழை. ஏரிக்கரைச் சாலையில் தண்ணீர் நின்றது, பஸ் ஓடவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தபோது போன் வந்தது. தமிழரசி.

"பவானி, இவுரு குழிக்குள்ள எறங்கிட்டாரு. கூப்ட்டா பேச மாட்றாரு."

மழைத்தண்ணீர் குழிக்குள் இறங்கி டிரம்கள் மிதக்கத் தொடங்கியிருக்கின்றன. நாற்றம் வெளியே வருகிறதென்று கலைவாணன் அவற்றை அமுக்கி மண் தள்ள இறங்கியிருக்கிறார். ஆழம் ஒன்றும் பெரிதில்லை, மார்பளவுதான். ஆனால் கனத்த ஆவி அந்தக் காற்றில்லாத மூலையில் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. பவானி ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் அவரை மேலே எடுத்துக் கல்லறைக் கல்லின்மேல் கிடத்தியிருந்தார்கள். மூச்சு இருந்தது. வாயோரம் நுரை. தமிழரசி அவருடைய காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அழவில்லை. குழியிலிருந்து வழிந்த தண்ணீர், எண்ணெய்ப் பளபளப்போடு, மதிலின் ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை அப்போது வேறு யாரும் கவனிக்கவில்லை. பவானி கவனித்தாள்.

அன்று மாலையே ஜெபா டீச்சரும் அவளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அதிகாரி ஒருவரைப் பார்த்தார்கள். பவானி படங்களைத் தேதி வாரியாக மேசைமேல் பரப்பினாள். ஆவணியில் எடுத்தவற்றை மறுபடி பார்த்தபோது, அப்போது அவள் கவனிக்காத கறுப்புத் திட்டுகளும் இருந்தன: நுழைவாசலுக்கு இடப்பக்கம் ஒன்று, ஆலம் வேர் தூக்கிய கல்லறைக்குப் பின்னால் ஒன்று. அந்த அதிகாரி அதிகம் பேசாத பெண். ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இந்த இடங்களை நீங்களே வந்து காட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

காட்டினாள். முகமூடி போட்ட ஆட்கள் தோண்டினார்கள். அவள் கை நீட்டிய இடத்திலெல்லாம் டிரம்கள் வந்தன. சில முழுசாக, சில பிளந்து காலியாக. ஒரு கல்லறைக்குள்ளேயே, பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுக்கி வைத்திருந்தார்கள். ஜெபா டீச்சர் அதைப் பார்த்ததும் மரத்தடிக்குப் போய் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தார்கள், வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கலைவாணனுக்கு ஒரு நாள் நினைவு வந்தது. போலீஸ் கேட்டபோது, லாரி யாருடையதென்று தெரியாது, ஓட்டினவன் முகத்தைப் பார்த்ததில்லை, கேட்டைத் திறந்துவிட்டது மட்டும்தான் தான் என்றார். சொல்லிவிட்டு, கதவோரம் நின்ற பவானியைப் பார்த்தார். ஆக்சிஜன் மூடிக்குள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

இரண்டு நாளில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு பவானியை விசாரித்தார்கள். ஸ்டுடியோவுக்கு வந்து மிரட்டியவர்களை அடையாளம் தெரியுமா என்று கேட்டார்கள். தமிழரசியும் மகளும் அதே அறையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மாசமாக இருந்தாள். பவானி அன்று வெகுநேரம் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாளாம். கலைவாணன் பொய் சொல்லிச் செத்தார். அந்தப் பொய்யைக் காப்பாற்றினால் வெள்ளைச் சட்டைக்காரரும் தப்பிப்பார், இன்னொரு ஊரில் இன்னொரு புதருக்குப் பின்னால் லாரி நிற்கும். அவருடைய படத்தை மட்டும் கொடுத்தால், லாரியே தெரியாதென்று சொல்லிவிடுவார். சொன்னால் இந்தப் பெண்ணின் புருஷன் உள்ளே போவான்.

"வெள்ளைச் சட்டைக்காரர் பேர் தெரியாது. படம் என்கிட்ட இருக்கு. கூட வந்தது" என்று நிறுத்தி, பெஞ்சைப் பார்க்காமல் சொன்னாள், "இவங்க மருமகன், பிரவின்குமார்."

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

பிரவின்குமாரை மதுராந்தகத்தில் ஒரு நண்பன் வீட்டில் பிடித்தார்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: வெள்ளைச் சட்டைக்கார முதலாளியின் பெயர், எந்தெந்த விடியற்காலையில் வந்தான், வேறு எங்கெங்கே இறக்கினான். மேலும் இரண்டு இடங்களைத் தோண்டினார்கள். ஒன்று கைவிட்ட செங்கல் சூளை, மற்றது ஒரு கிணறு. முதலாளி கைதாகி, கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். பிரவின்குமாருக்கு ஜாமீன் கேட்க ஆள் கிடைப்பதற்குள் அவனுடைய குழந்தை பிறந்துவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

தமிழரசி அந்த அறையைக் காலி செய்தபோது பவானி உதவப் போனாள். பாத்திரங்களை வண்டியில் ஏற்ற ஒரு மூட்டையைத் தூக்கினாள். தமிழரசி அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பிறகு தானே தூக்கி ஏற்றினார்.

"அண்ணி" என்றாள் பவானி.

தமிழரசி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து போய்விட்டார். இன்றுவரை பேசவில்லை.

ரோகிணிக்குத் தேவையான படங்களை அவள் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். ஆனால் அவர் போனில், "ஒண்ணே ஒண்ணு மட்டும் கொடுங்க பவானி. அந்தக் கறுப்பு நிழல் விழுந்திருக்கிற படம். அதுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு" என்று கேட்டார். பவானி போனை வைத்துவிட்டாள். அன்று மாலை நான் படியிறங்கியபோது ஸ்டுடியோ ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

டிரம்களை எடுத்தார்கள், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். ஊர் மறந்துபோனது. பவானி மறக்கவில்லை. மழைத்தண்ணீர் மதிலைத் தாண்டி எங்கே போனது என்பது அவள் மனதில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு, அதற்கப்பால் ஏரி. தை மாதத்திலிருந்து, மேகமில்லாத நாளாகப் பார்த்து அங்கே போகத் தொடங்கினாள். வீடு வீடாகக் கேட்டு மாடியேறிப் படமெடுத்தாள். சிலர் ஏற்றினார்கள். சிலர், "அந்தக் கல்லறைப் பொம்பளையா?" என்று கதவைச் சாத்தினார்கள். எல்லா மரமும் ஒரே காரணத்துக்காக மங்காது, வறட்சியிலும் நோயிலும்கூட மங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சந்தேகப்பட்ட இடத்தை அந்த அதிகாரிக்குச் சொல்லுவாள். அவர்கள் வந்து தண்ணீர் எடுத்துப்போய்ச் சோதிப்பார்கள். முதலில் மதிலோரம் இருந்த கைபம்புக்கு, குடிக்கக் கூடாதென்று சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். அடுத்தது இரண்டாவது தெருவில் ஒரு போர்வெல்.

பங்குனியில் ஒருநாள் நானும் கூடப் போனேன். அது மூன்றாவது தெரு. தெய்வநாயகி என்ற அம்மாள் எங்களை மாடிக்கு அழைத்துப்போனார். வெயிலில் தளம் கால் வைக்க முடியாமல் கொதித்தது. அவருடைய சமையலறையை ஒட்டி ஒரு முருங்கை மரம், பூவும் பிஞ்சுமாக, கண்ணுக்கு நல்ல பச்சையாக நின்றது. அடுத்த வீட்டு மரங்களும் தெரிந்தன. பவானி துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இன்னாம்மா, எங்க வூட்டு மரம் நல்லா கீதா?" என்று தெய்வநாயகி கேட்டார். "போன வாரம்தான் கீரை பறிச்சி எல்லாருக்கும் பொரியல் பண்ணேன்."

பவானி துணியை விலக்கினாள். முகமெல்லாம் வியர்வை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அக்கம் பக்கத்து மரங்கள் வெள்ளையாக இருந்தன. முருங்கை சாம்பல் நிறத்தில், அடிப்பக்கத்திலிருந்து கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அம்மா, குடிக்கத் தண்ணி எங்கருந்து எடுக்கறீங்க?"

"வூட்டு போருதான். ஏன்?"

பவானி போனை எடுத்து அந்த அதிகாரியின் எண்ணை அழுத்திவிட்டு, காதில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே எடுக்காதீங்க. கொழந்தைங்களுக்கும் குடுக்காதீங்க. கீழ வாங்க, எல்லாத்தியும் கொட்டிடலாம்."